முடியாத உளூ: பெருந்தொற்றுக் காலத்துப் பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜனவரி 13-ஆம் தேதி மலேசியாவின் பினாங்கில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மறுபடியும் அமலுக்கு வந்தது. அந்த வாரத்தில்தான் ஒரு கடைக்காரருடைய மகன் எனக்குப் போன் செய்தார். "அத்தா பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வரமாட்டேங்குறாங்க. கதவைத் தட்டினா அழுறாங்க" என்றார். கொரோனா பயம் முற்றிவிட்டது என்று மகன் நினைத்திருந்தார். அவருடைய அம்மாவோ, "அவங்களுக்கு மார்க்கப் பேணுதல் ஜாஸ்தியாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் ஒருவருக்கு, யாரோ கடைக்கு ஸிஹ்ரு (சூனியம்) வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம்.

நான் பினாங்கில் தமிழ் பேசும் குடும்பங்களோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர். இங்கே ஒரே மனிதரின் கதையாகச் சொல்வது, ஒரே மாதிரி தொல்லையோடு வந்த சிலருடைய விவரங்களைச் சேர்த்து, வயதையும் தெருவையும் உறவுகளையும் மாற்றி எழுதியது. அவரைக் கடைக்காரர் என்றே அழைக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

ஐம்பதைத் தாண்டிய வயது. சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமம். இருபது வயதுக்குள் பினாங்கு வந்து, ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடையில் தட்டுக் கழுவி, பிறகு குழம்பு ஊற்றி, கடைசியில் பங்குதாரர் ஆனவர். ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடி வீடு. மனைவி, மகன், படித்துக்கொண்டிருக்கும் மகள்.

முதல் சந்திப்புகள் வீடியோவில்தான். திரையில் நான் முதலில் கவனித்தது அவருடைய கைகளை. விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. ஃபஜ்ருக்கு (விடியற்காலைத் தொழுகைக்கு) உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்) செய்யப் போனால் சில நாட்களில் சூரியன் உதித்துவிடும், தொழுகை களாவாகிவிடும் (நேரம் தவறிவிடும்). இடது முழங்கைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து. சரி, ஒரு வழியாக முடித்து முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) நின்றால் நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக வந்ததா என்று தோன்றும். "அல்லாஹு அக்பர்" என்று அவர் திரும்பத் திரும்பத் தக்பீர் கட்டுவது பக்கத்து அறையில் படுத்திருக்கும் மகளுக்குக் கேட்கும்.

தண்ணீர் பில் பல மடங்கு ஏறியிருந்தது. நாட்டிலேயே தண்ணீர்க் கட்டணம் மலிவான மாநிலங்களில் பினாங்கும் ஒன்று என்பதால் வீட்டில் அதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள்.

இன்னொன்றை மனைவிதான் தனியாகப் பேசும்போது சொன்னார். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) கணவன் மனைவி தோல் பட்டால் உளூ முறிந்துவிடும். சின்ன வீடு, நான்கு பேரும் நாள் முழுக்க உள்ளேயே. மனைவி காப்பிக் கோப்பையை நீட்டினால் அவர் வாங்க மாட்டார், மேசையில் வைக்கச் சொல்வார். "ஏழெட்டு மாசமா என் பக்கத்துல உட்காரல. அல்லாஹ்வுக்காகத்தான்னு நினைச்சு நானும் கேட்கல" என்றார் அந்த அம்மா. எனக்கு இந்தக் குடும்பத்தின் நிலைமை முழுதாகப் புரிந்தது அப்போதுதான். இதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டதால்தான் அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

முன்கதை

இந்தத் தொல்லை அவருக்குப் புதிது இல்லை. ஊரில் மதரஸாவில் ஓதிய காலத்திலேயே உளூவில் வஸ்வாஸ் (விடாத சந்தேகம்) உண்டு. அவருடைய பெரியத்தா ஒருவரும் அப்படித்தானாம், குளத்தில் இறங்கினால் ஏற மாட்டாராம். ஆனால் பினாங்கு வந்த பிறகு இத்தனை வருஷமும் அது தலைதூக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நேரம் இல்ல" என்றார்.

அந்தப் பதிலில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு இகாமத்துக்கு (தொழுகை தொடங்குவதைச் சொல்லும் அழைப்புக்கு) கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஹவுளுவில் (உளூ செய்யும் தொட்டியில்) பக்கத்தில் நான்கு பேர், பின்னால் காத்திருப்பவர் இரண்டு பேர். யாராவது "பாய், கொஞ்சம் நகருங்க" என்பார்கள். இகாமத் கேட்டால் எழுந்து ஸஃபில் (வரிசையில்) நின்றாக வேண்டும். இமாம் தக்பீர் சொன்னால் நம் தக்பீரும் சொல்லியாக வேண்டும். அவர் ருகூவுக்கு (குனிவதற்கு) போனால் போயாக வேண்டும். தொழுகை முடிந்ததும் கடைக்கு ஓட வேண்டும், மதியக் கூட்டம் வந்துவிடும். இதற்கு நடுவில் சந்தேகத்துக்கு உட்கார இடம் ஏது? முப்பது வருஷம் ஜமாஅத்தே (கூட்டுத் தொழுகையே) அவருக்கு மருத்துவம் பார்த்திருக்கிறது. அது மருத்துவம் என்று அவருக்கும் தெரியாது, ஜமாஅத்துக்கும் தெரியாது.

பள்ளிவாசல் பூட்டிய பிறகு

2020 மார்ச் 18-ஆம் தேதி முதல் ஆணை வந்தது. ஜும்ஆவும் ஐவேளை ஜமாஅத்தும் நின்றன. அந்த ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கிய ரமலானில் பள்ளிவாசலில் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) இல்லை, வரிசையில் நின்று வாங்கும் நோன்புக் கஞ்சி இல்லை, சந்தை இல்லை. மே 24-ஆம் தேதி பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதோம். பலருக்கு இது துக்கமாக இருந்தது. சிலருக்கு, ஒளிக்காமல் சொன்னால், நிம்மதியாகவும் இருந்தது: பிள்ளைகளுக்கு இமாமாக நின்று தொழவைத்த அத்தாக்களை நான் அந்த வருஷம்தான் பார்த்தேன். கடைக்காரருக்கு நடந்தது வேறு. அவருடைய தொழுகையிலிருந்து இகாமத் போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முடிக்காமலும் இருக்கலாம்.

அதற்கு மேல் அந்தக் காலம் சேர்த்த சுமைகள். பிப்ரவரி கடைசியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த தப்லீக் (மார்க்கப் பிரச்சார) கூட்டத்தில் ஏறத்தாழ 16,000 பேர் கூடினார்கள். அதையொட்டி 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. இவருடைய கடையில் வேலை பார்த்த ஒருவர் அங்கே போய்விட்டு வந்திருந்தார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்குள் கடை முழுக்கத் தனிமைப்படுத்தல். ஏப்ரலில் தலைநகர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அதற்குள் இவருடைய தம்பி இருந்தார்.

ஆகஸ்டில் வந்ததுதான் பெரிய அடி. கெடாவில் நாசி கண்டார் கடை நடத்திய ஒருவர் இந்தியாவிலிருந்து திரும்பி, வீட்டுத் தனிமைப்படுத்தலை மீறியதால் தொற்று பரவியது. அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள். அதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'சிவகங்கை தொற்றுக் குழு'. கெடாவோடு நிற்காமல் பினாங்குக்கும் அது வந்தது. வட மாநிலங்களில் நாசி கண்டார் கடைக்காரர் ஒவ்வொருவரும் அந்த மாதம் வாடிக்கையாளரின் பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது. "நான் ராமநாதபுரம், அது சிவகங்கைன்னு யாருகிட்ட சொல்றது? பக்கத்து மாவட்டம்தானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வந்த பேச்சில் சிரிப்பு இல்லை. தன் கையால் குழம்பு ஊற்றி யாருக்காவது நோய் கொடுத்திருந்தால் மறுமையில் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

அப்புறம் கைத்தூய்மி. அதில் ஆல்கஹால் இருக்கிறது, ஆல்கஹால் நஜீஸ் (அசுத்தம்) இல்லையா? மது தயாரிக்கும் வழியில் வராத ஆல்கஹால் நஜீஸ் அல்ல என்று மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு பெருந்தொற்றுக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு அது தெரியும், முகம்மது நபி காலத்துத் தீர்ப்பிலிருந்து யூடியூப் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) வரை எல்லாம் தெரியும். தெரிந்திருப்பது இந்த நோயில் உதவுவதில்லை.

பள்ளிவாசல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோதும் அவருக்கு வழி திறக்கவில்லை. வீட்டிலேயே உளூ செய்துவிட்டு வர வேண்டும், சொந்த முஸல்லா கொண்டுவர வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியில் பதிய வேண்டும். ஹவுளு மூடியிருந்தது. அதாவது ஜெலுத்தோங்கில் செய்த உளூ முறியாமல் நகருக்குள் வந்து சேர வேண்டும். வழியில் சிக்னலில் நிற்கும்போதே "போச்சு" என்று தோன்றும், மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுவார். எல்லோருக்கும் தேவையாக இருந்த சுகாதார விதி அவருக்கு நோயின் சாவியாகிவிட்டது. விதி போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒருவர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கைகழுவச் சொல்லி நாடே இருபத்து நான்கு மணி நேரமும் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தபோது, அதிகமாகக் கழுவுகிறவரை யார் நோயாளி என்று சந்தேகிப்பார்கள்?

மதிப்பீடு

பேணுதல் எது, நோய் எது என்று பிரிப்பதற்கு நான் மார்க்கத் தராசை எடுப்பதில்லை, அது என் வேலையும் இல்லை. நான் கேட்டது எளிய கேள்விகள். உளூ முடிந்ததும் மனம் லேசாகிறதா, பாரமாகிறதா? தொழுகைக்கு நெருங்க வைக்கிறதா, தள்ளிப்போக வைக்கிறதா? வெளியூரில், அவசரத்தில், காய்ச்சலில் சலுகை எடுக்க முடிகிறதா? பேணுதல் உள்ளவர் மூன்று முறை கழுவிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். இவருக்கு மூன்றுக்குப் பிறகுதான் ஆரம்பமே. தொழுகை மேல் இவ்வளவு ஆசை உள்ள மனிதர், பாங்குச் சத்தம் கேட்டால் பயப்படத் தொடங்கியிருந்தார்.

யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு, மொத்தம் 40 புள்ளி, 24-லிருந்து கடுமை என்று கணக்கு. அவர் அந்தக் கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தார். எண்ணச் சுழல் நோய் (ஓசிடி), கூடவே மிதமான மனச்சோர்வு. மனநல மருத்துவரும் அதையே உறுதி செய்தார்.

தற்கொலை பற்றிக் கேட்காமல் எந்த மதிப்பீடும் முடியாது. முஸ்லிம் குடும்பங்களில் இதைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள், ஹராம் என்று தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தூங்கும்போதே ரூஹு போயிட்டா நல்லதுன்னு தோணும். நானா எதுவும் செய்யமாட்டேன், அல்லாஹ் மேல பயம்" என்றார். அந்தப் பயம் அவரைக் காத்தது என்பது உண்மை. அதே பயம்தான் அத்தனை மாதம் அதைச் சொல்லவிடாமல் வாயைக் கட்டியது என்பதும் உண்மை. அப்போது நாட்டுச் சட்டமும் சேர்ந்து மிரட்டியது: தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி குற்றம். 2023-இல்தான் அதை நீக்கினார்கள். காவல்துறைக் கணக்கில் 2020 முழுவதும் 631 தற்கொலைகள், 2021-இன் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 468. இப்படிப்பட்ட எண்ணம் வருகிறவர்களுக்கு இப்போது 15555 என்ற ஹீல் உதவி எண் இருக்கிறது. அந்த ஜனவரியில் அது கிடையாது. ஆபத்து வந்தால் யாரை அழைப்பது, இரவில் யார் கூடப் படுப்பது என்று மகனோடு எழுதி வைத்துக்கொண்டோம்.

பயத்தின் அடிவேர் எங்கே என்று தேடியபோது நான் எதிர்பார்க்காத இடத்துக்குக் கொண்டுபோனார். கொரோனாவில் மவுத்தானவர்களைக் குளிப்பாட்டாமல், உறையை மூடி, அதன் மேல் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் தூசியால் செய்யும் சுத்தம்) செய்து அடக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுத ஒருவரை அப்படித்தான் அடக்கினார்களாம். "ஒரு சொட்டுத் தண்ணி படாம" என்றார். தனக்கும் அப்படி நடந்தால் அசுத்தத்தோடு ரப்பு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் உயிரோடு இருக்கும்போதே எந்த நேரமும் சுத்தமாக இருந்துவிட வேண்டும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு அவர் செய்தது எதுவும் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

ஹஸ்ரத்தும் நானும்

அவருடைய ஹஸ்ரத்தை (மார்க்க அறிஞரை) சேர்க்காமல் இதைச் செய்ய முடியாது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் அனுமதியோடு ஹஸ்ரத்தை அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுறார் தெரியுமா? நானும் ஒவ்வொரு தடவையும் கிதாபைப் பார்த்துப் பதில் சொல்றேன். வச்ச உடனே மறுபடி அடிக்கிறார்." பொறுமையான மனிதர். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை கழுவிக்கொள்ளுங்கள், மனசு அமைதியாகும் என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார். சாதாரண மனிதருக்கு அது நல்ல யோசனை. இந்த நோய்க்கு எண்ணெய் ஊற்றுவது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹதீஸும் ஆயத்தும் சொல்லி ஆறுதல்படுத்துவது நல்லதுதானே என்று தோன்றும். எண்ணச் சுழல் நோயில், பதில் தேடுவதே நோயின் ஒரு கை. ஹஸ்ரத்தின் பதில் கிடைத்ததும் ஐந்து நிமிடம் நிம்மதி, பிறகு "நான் கேள்வியைச் சரியா கேட்டேனா" என்று அடுத்த சந்தேகம். பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தீனிதான். ராத்திரி இரண்டு மணிக்குப் பயான் மேல் பயானாகப் பார்ப்பதும் அதே தீனி. எனவே நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டது இதுதான்: தீர்ப்பு ஹஸ்ரத் மட்டும்தான் சொல்வார், ஒரே ஒரு முறைதான் சொல்வார், அதை எழுதிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அதே கேள்வி வந்தால் "அதுக்குப் பதில் சொல்லியாச்சு பாய், கடை எப்படிப் போகுது?" என்று பேச்சை மாற்றுவார். வீட்டாரும் அப்படியே. மகளுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது, அத்தா கெஞ்சும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

ஹஸ்ரத் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம்கூட இல்லை. தொழுகையில் உளூ முறிந்ததோ என்று சந்தேகம் வந்தால், சத்தம் கேட்கும்வரை அல்லது நாற்றம் உணரும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற நபிமொழி. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விதி. நபியவர்கள் ஒரு முத்து (அக்காலத்து முகத்தல் அளவு) தண்ணீரில் உளூ செய்தார்கள் என்ற அறிவிப்பு. மூன்றுக்கு மேல் கழுவுகிறவர் வரம்பு மீறிவிட்டார் என்ற எச்சரிக்கை. கடைசியில் தன் கையெழுத்தில்: "இவர் ஒருமுறை செய்த உளூ செல்லும். மீட்டத் தேவையில்லை."

தயம்மும் விஷயத்தை நேரில் பேசினார். தண்ணீர் இல்லாமல் அடக்கப்பட்டவர் குறைந்துபோகவில்லை, கொள்ளைநோயில் மவுத்தானவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்றல்லவா ஹதீஸ் இருக்கிறது என்றார். பிறகு, எனக்குத் தோன்றியிருக்காத ஒன்றைக் கேட்டார்: "உறை மேல தூசியைத் தடவினதையே அல்லாஹ் ஏத்துக்குறான்னா, உங்க முழங்கையில தண்ணி பட்டதை ஏத்துக்க மாட்டானா?" கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அதை அவரே எனக்குத் திரும்பச் சொன்னார்.

சரி, மருத்துவம் என்ன? சந்தேகத்தைக் கிளப்பும் காரியத்தைச் செய்துவிட்டு, அதைச் சரிசெய்யும் சடங்கைச் செய்யாமல் பதற்றம் தானாக இறங்கும்வரை இருப்பது. உலகெங்கும் எண்ணச் சுழல் நோய்க்கு முதலில் கொடுக்கும் உளச் சிகிச்சை இதுதான். நாங்கள் குழாயை மூடிவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தோம். ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று ஹஸ்ரத் கணக்குச் சொன்னார். ஜக்கில் அவ்வளவுதான் தண்ணீர். தீர்ந்தால் உளூ முடிந்தது. முதலில் ஒரு வேளைக்கு மட்டும், லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு). மகன் கதவுக்கு வெளியே நின்று இகாமத் சொல்வார், சொன்னால் வந்துவிட வேண்டும். பறிபோன இகாமத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாட்கள் கொடுமையாக இருந்தன, வியர்த்துக் கொட்டிக்கொண்டு தொழுதார். பிறகு அஸர், பிறகு மஃக்ரிப். ஃபஜ்ருதான் கடைசியில் வழிக்கு வந்தது. மனைவி கையிலிருந்து காப்பி வாங்கும் பயிற்சியும் பட்டியலில் இருந்தது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் விவரம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மருத்துவர் செர்ட்ராலின் தொடங்கினார். கேப்சூல் என்றால் ஜெலட்டின் எதில் செய்தது என்ற கேள்வி நிச்சயம் வரும் என்பதால் மாத்திரையாகவே கேட்டு வாங்கினோம். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவைத்தோம். ஏப்ரல் 13-ஆம் தேதி நோன்பு தொடங்கியபோது மாத்திரையை ஸஹருக்கு (விடியலுக்கு முன் உண்ணும் நேரத்துக்கு) மாற்றியாகிவிட்டது.

நடுவில் ஒரு தடங்கல். சொந்தக்காரர் கூட்டிப்போன ஓதிப்பார்ப்பவர், மாத்திரை சாப்பிட்டால் ஓதல் பலிக்காது என்று சொல்லிவிட்டார். ஓதிய தண்ணீரைக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அது தெம்பு. மருந்தை நிறுத்தச் சொல்வது வேறு. ஹஸ்ரத் ஒரு போனில் அதை முடித்துவைத்தார். நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் முடிந்திருக்காது.

அம்மாவின் மவுத்து

ஏப்ரல் கடைசியில், அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல். இந்தியாவில் இரண்டாம் அலை. வழக்கமான சர்வதேச விமானங்களை இந்தியா 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தது, இந்தியாவிலிருந்து வருகிறவர்களை மலேசியா ஏப்ரல் 28 முதல் தடை செய்தது. போனால் திரும்ப முடியாது, போகவும் வழி இல்லை. மே மாதத் தொடக்கத்தில் அம்மா மவுத்தாகிவிட்டார். வாட்ஸ்அப்பில் கபர்க்குழியைக் காட்டினார்கள், பாதியில் சிக்னல் போய்விட்டது.

நான் நோய் திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் திரும்பத்தான் செய்தது, ஜக் இரண்டு ஜக் ஆனது. ஆனால் அதைவிடக் கவலை தந்தது அவர் அழாமல் இருந்தது. ஆறுதல் சொல்ல அழைத்தவர்கள் எல்லோரும் "ஸபுரா இருங்க, அழாதீங்க, மய்யித்துக்கு வேதனை" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான். ஒப்பாரி வைத்து அலறுவதைத் தடுக்கும் போதனை, கண்ணீரையே தடுப்பதாக மாறிவிட்டது. தன் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்கள் கண் கலங்கியதும், கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம் என்றதும் புகாரியில் இருக்கிறது. யூசுஃபுக்காக அழுது யாகூப் நபியின் கண்களே வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது, அவரைப் பொறுமை இல்லாதவர் என்று சொல்லவில்லை. இதையும் நான் சொல்லவில்லை, ஹஸ்ரத் சொன்னார்.

வீட்டில் நான்கு பேரும் காயிப் ஜனாஸா (உடல் அருகில் இல்லாதபோது தொழும் இறுதித் தொழுகை) தொழுதார்கள். ஷாஃபி மத்ஹபில் அதற்கு இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மனைவி சுண்டலும் பாலும் வைத்து யாசீன் ஓத ஏற்பாடு செய்தார். அன்று இரவு அவர் அழுதார் என்று மகன் செய்தி அனுப்பினார். துக்கத்துக்கு மருந்தின் அளவை ஏற்ற வேண்டாம் என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம், அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். மே 13-ஆம் தேதி பெருநாள். ஜூன் ஒன்றாம் தேதி முழு அடைப்பு. அந்த நீண்ட மாதங்களில் ஜக் மறுபடி ஒன்றாகியிருந்தது.

சில கருத்துகள்

பெருந்தொற்றில் மதமும் மனநலமும் என்று பேசும்போது, நம்பிக்கை உள்ளவர் தாங்கிக்கொள்வார் என்று ஒரு கட்சி, மதம்தான் பயத்தை வளர்க்கிறது என்று ஒரு கட்சி. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்தார்: இறைவன் துணை நிற்கிறான் என்று துன்பத்தைத் தாங்குவது ஒரு வகை, இறைவன் தண்டிக்கிறான், கைவிட்டுவிட்டான் என்று தாங்குவது இன்னொரு வகை, இரண்டாவது மனநலத்தைக் கெடுக்கும். பயனுள்ள பிரிவு. ஆனால் கடைக்காரர் இதில் எங்கே அடங்குவார்? அவருடைய நம்பிக்கை குறையவில்லை, இறைவன் மேல் கோபமும் இல்லை. அவருக்கு நம்பிக்கையைத் தாங்கிய சட்டகம் உடைந்துவிட்டது: பாங்கு, வரிசை, பின்னால் காத்திருக்கும் ஆள், மதியக் கூட்டம். அதனால் ஒருவர் எவ்வளவு தொழுகிறார் என்று கேட்பதைவிட, அவருடைய தொழுகையை எது முடித்துவைக்கிறது என்று கேட்பது இந்த மாதிரி நோயாளிகளிடம் அதிகம் சொல்லும். "திக்ரு (இறைநாமம் ஓதுதல்) அதிகம் செய்யுங்கள்" என்ற பொது அறிவுரையை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். அவருக்கு அது நூறு முறை சொன்னேனா, தொண்ணூற்றொன்பதா என்று இன்னொரு கிணறு.

நம் மரபில் இது புது விஷயமும் இல்லை. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பல்க் நகரத்து அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் பற்றி எழுதிய நூலில் மனத் தொல்லைகளைக் கோபம், துக்கம், பயம், வஸ்வாஸ் என்று நான்காகப் பிரித்தார். வஸ்வாஸைத் துக்கத்திலிருந்து தனியே எடுத்து வைத்தது பெரிய காரியம். அந்த நூலின் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் மாலிக் பத்ரி, சூடானில் பிறந்து மலேசியாவின் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கத்திய முறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதை 1970-களிலேயே கேள்வி கேட்டவர். அதே நேரம், பழக்கத்தை மாற்றும் சிகிச்சைகளைத் தானே கையாண்டவர். 2021 பிப்ரவரியில், நாங்கள் ஜக்கோடு போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்வில் ஹஸ்ரத் கிடைத்தார். எல்லோருக்கும் இப்படிப்பட்டவர் கிடைப்பதில்லை. கடையில் வேலை பார்த்த தமிழ்நாட்டுப் பையன்களுக்கு, பள்ளிவாசல் திறந்த பிறகும் சில மாதங்கள் வெளிநாட்டவர் என்று அனுமதியே இல்லை. அவர்களுக்கு அத்தாவைப் பார்த்துப் போன் செய்யும் மகனும் இல்லை. பெண்கள் நிலை இன்னும் வேறு. சூலியா தெரு நாகூர் தர்காவுக்கு வியாழன் மாலைகளில் போய் அழுதுவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கதவு மூடியபோது, மாற்று ஏற்பாடு என்று யாரும் எதையும் யோசிக்கவில்லை. கடைக்காரரின் மனைவி அப்படிப்பட்டவர்தான். சிகிச்சை முழுக்க அவரைத் துணையாகவே வைத்துக்கொண்டோம். பிறகு அவருக்கும் தனியாக நேரம் ஒதுக்கினேன்.

இப்போது

மாத்திரை குறைந்த அளவில் தொடர்கிறது. பள்ளிவாசலில் ஹவுளு திறந்தபின் உளூவை அங்கேயே செய்யச் சொன்னேன், செய்கிறார். காய்ச்சல், கடன், தூக்கமின்மை வந்தால் வஸ்வாஸ் எட்டிப்பார்க்கிறது. ஜக் சமையலறைத் தட்டில் இருக்கிறது, தேவைப்பட்டால் மகன் எடுத்துக் கொடுப்பார்.

கடைசியாக வந்தபோது பேச்சு முழுக்க உம்ராவை (மக்காப் பயணத்தை) பற்றி. மனைவியோடு போக ஆசை, ஆனால் தவாஃபில் (கஅபாவை ஏழு முறை சுற்றுவதில்) சுற்று எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால்? குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மீதியைச் சுற்ற வேண்டும் என்பது பொதுச் சட்டம். இவருக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்தால் கஅபாவை விட்டு ஊர் திரும்ப மாட்டார். வஸ்வாஸ் உள்ளவர் சந்தேகத்தைப் பொருட்படுத்தக் கூடாது என்று அறிஞர்கள் சொல்லியிருப்பதை ஹஸ்ரத் எடுத்துக்காட்டினார். மகனும் கூடப் போகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் மகன் விரலை மடக்குவார், ஏழு என்றால் ஏழு, அத்தா எண்ணக் கூடாது. கூட்டத்தில் மனைவியின் கை தவறிப்போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், உளூ முறிகிறதா என்ற கேள்விக்கு ஹஸ்ரத் முன்கூட்டியே ஒரு முறை பதில் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். மருத்துவர் மாத்திரைக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.